நெருப்பு வந்த வழி – 14: முதலில் குச்சியைப் பாருங்கள்

தந்தூர் அடுப்பைச் சென்ற இதழோடு மூடிவிட்டோம். கம்பியில் குத்திச் சுடும் கறிக்கு வந்தால், வாசலிலேயே ஒரு கதை நம்மை மறிக்கிறது. துருக்கியப் படைவீரர்கள் எங்கோ வெட்டவெளியில் முகாமிட்டார்களாம். சட்டிபானை கைவசம் இல்லை. அறுத்த ஆட்டைத் துண்டு போட்டு, வாளில் குத்தி, நெருப்பில் வாட்டித் தின்றார்களாம். அப்படிப் பிறந்ததாம் ஷிஷ் கபாப். ஈரானில் இதே கதையைப் பாரசீக வீரர்களின் பேரில் சொல்வார்கள். காக்கசஸ் மலைப்பகுதியில் வாளுக்குப் பதில் குத்துவாள் வரும்.

கேட்பதற்கு ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கொல்லரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். வாளின் முனை கூர்மழுங்காமல் இருப்பது கொல்லர் கொடுத்த பதத்தால். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, மறுபடியும் அளவான சூட்டில் வைத்து எடுத்து அந்தப் பதத்தைக் கொண்டுவருகிறார்கள். நல்ல தணலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே அது கெட்டுவிடும். நாளைக்கு உயிரைக் காப்பாற்ற வேண்டிய ஆயுதத்தை இன்றைக்கு ஒரு துண்டு கறிக்காக எந்த வீரன் பாழாக்குவான்? எட்டுகிற தூரத்தில் ஒரு மரக்கிளையை ஒடித்தால் வேலை முடிந்தது.

காலக்கணக்கும் இந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. கிரேக்கத் தீவான சாந்தோரினியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்துபோன ஊர் அக்ரோத்திரி. அதைத் தோண்டியபோது, ஜோடி ஜோடியாகச் சில தாங்கிகள் கிடைத்தன. எதிரெதிரே வைத்தால் இரண்டின் மேல்விளிம்பிலும் உள்ள பள்ளங்கள் ஒரே நேர்கோட்டில் அமையும். பள்ளத்துக்குப் பள்ளம் கம்பியைக் கிடத்தலாம். அடிப்பக்கத்தில், தணலுக்குக் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். எரிமலை வெடித்தது கிமு 1600ஐ ஒட்டிய காலம். துருக்கியர் அனத்தோலியாவுக்குள் கால் வைக்க அதற்குப் பிறகு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அப்போதே, கறியைத் தீய்க்காமல் சுடுவதற்குக் காற்றோட்டத்தைக் கணக்குப் பார்த்து அடுப்பு செய்திருக்கிறார்கள் சாந்தோரினிக்காரர்கள்.

தென்சீனத்தின் குவாங்சௌ நகரில் 1983இல் ஒரு குன்றைக் குடைந்தபோது நன்யுவே நாட்டு மன்னரின் கல்லறை வெளிப்பட்டது. அவர் இறந்தது கிமு 122 வாக்கில். மறுவுலகத்துக்கு அவர் எடுத்துப்போன சாமான்களில் வெண்கலத்தால் செய்த சுடுதட்டுகளும் இருந்தன, குத்தும் கம்பிகளோடு. இந்தியாவில் பாணினி, சூலத்தில் சுட்டதற்கும் சட்டியில் வெந்ததற்கும் சொல் அமைவதற்கு ஒரு விதியே எழுதிவைத்திருக்கிறார். இலக்கணக்காரர் விதி எழுதும் அளவுக்கு அது அன்றாடப் பண்டமாக இருந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசமும் மசாலா தடவிக் கம்பியில் சுடும் கறியைச் சொல்கிறது.

தமிழிலும் இதற்குப் பழைய சாட்சி உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகால் வளவனின் விருந்தை முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். பொருநனுக்கு இரண்டு வகைக் கறி கிடைக்கிறது. ஒன்று வேகவைத்த ஆட்டுத் தொடை, மற்றது காழில் சுட்ட கொழுத்த ஊன். காழ் என்றால் இரும்புக் கம்பி. சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கிக்கொண்டு தின்கிறான் அந்தப் பசித்த மனிதன். சுட்ட கறியைக் கம்பியிலிருந்து நேராக வாயில் போட்டுக்கொண்ட எவருக்கும் அந்த அவஸ்தை தெரியும். புலவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. நெருப்பும் கூரான குச்சியும் இருந்த இடத்திலெல்லாம் இது தானாகவே நடந்தது. முழு ஆட்டைச் சுட ஒரு சுமை விறகும் அரை நாளும் வேண்டும். அதையே சின்னத் துண்டுகளாக்கினால் ஒரு கூடைக் கரியும் கால்மணி நேரமும் போதும். விறகு அரிதான ஊர்களில் துண்டுகள் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். இத்தாலியின் அப்ருட்சோ மலைகளில் ஆட்டு மேய்ப்பர்கள் சுடும் அரோஸ்திசினியில் ஒவ்வொரு துண்டும் ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கான அடுப்பும் மழைநீர்த் தகரக் குழாயைப் பாதியாகப் பிளந்தாற்போல ஒடுங்கி நீண்டிருக்கும். கறி இருக்கும் அகலத்துக்கு மட்டும் தணல். குச்சியின் வெறும் பகுதி அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கங்குகூட வீணாவதில்லை.

ஊருக்கு ஊர் மாறுவது மசாலா என்று நினைக்கிறோம். நான் குச்சியைப் பார்க்கச் சொல்வேன். அது இரும்பா, மரமா, மூங்கிலா, தட்டையா, உருண்டையா என்று பார்த்தால் அந்த ஊரில் எது மலிவு, எது அரிது, ஆட்டின் எந்தப் பகுதி யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

*

இரும்பில் தொடங்கலாம். பழைய கிரேக்கத்தில் இரும்புக் கம்பி சமையல் சாமான் மட்டுமாக இருக்கவில்லை, சொத்தாகவும் இருந்தது. நாணயம் அடிக்கத் தொடங்கும் முன்பு கறி சுடும் கம்பிகளைப் பணமாகக் கைமாற்றினார்கள். ஒரு கைப்பிடிக்குள் ஆறு கம்பி அடங்கும். அந்தப் பிடிக்குத் திரக்மா என்று பெயர். ஆர்கோஸ் நகருக்கு அருகே ஹேரா தேவியின் கோயிலில் காணிக்கையாகக் கட்டிவைத்த ஒரு கம்பிக்கட்டு அகழாய்வில் அப்படியே கிடைத்தது. பிறகு வெள்ளிக்காசு வந்தபோதும் ஆறு ஒபோல் ஒரு திரக்மா என்ற கணக்கு நின்றது. 2002இல் யூரோ நோட்டுகள் வரும்வரை கிரேக்கர்கள் திரக்மாவில்தான் காய்கறி வாங்கினார்கள்.

இரும்பு மலிவான பிறகு, அதை எப்படி அடிப்பது என்பது கறியைப் பொறுத்ததாயிற்று. துருக்கியின் தெற்கே உள்ள அதானா நகரத்துக் கபாப் இதற்கு நல்ல பாடம். அங்கே கறியை இயந்திரத்தில் அரைப்பதில்லை. ஸிர்ஹ் என்ற பிறைவடிவப் பெருங்கத்தியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் கொத்துகிறார்கள். ஆட்டுக்கறியோடு வால் கொழுப்பும் சேரும். உப்பு, சிவப்பு மிளகாய் தவிர அதிகமாக ஒன்றும் கிடையாது. கொத்திய கறியை உருண்டைக் கம்பியில் பிடித்தால் என்னவாகும்? கம்பியைத் திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், கறி இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டு ஒரு பக்கம் கருகும். ஆகவே கம்பியைப் பட்டையாக அடித்தார்கள். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பட்டைக் கம்பியைப் பார்த்துத்தான் வாளை நினைத்துக்கொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஈரானின் கூபிதே கபாபுக்கும் டெல்லி ஜாமா மசூதித் தெருக்களின் சீக் கபாபுக்கும் இதே கொத்துக்கறிச் சிக்கல்தான். ஈரானில் பட்டைக் கம்பியும், டெல்லியில் கறியை இறுக்கிப் பிடித்து ஒட்டவைக்கும் கைத்திறனும் அதற்கு விடையாக வந்தன. அதானா கபாபுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கத்தியையும் கொழுப்பையும் மாற்றிவிட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

அந்த வால் கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு ஆசியச் செம்மறிகளுக்கு வாலில் கிலோக் கணக்கில் கொழுப்பு சேரும். கிமு 5ஆம் நூற்றாண்டின் ஹெரோடோட்டஸ், அரேபியாவில் ஆட்டின் வால் தரையில் உரசிப் புண்ணாகாமலிருக்க அதற்கு அடியில் குட்டி மரவண்டி கட்டிவிடுவார்கள் என்று எழுதிவைத்தார். வண்டியை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பன்றியைத் தொடாத ஒரு பெரும் நிலப்பரப்பில் கறியைக் காயவிடாமல் காத்தது இந்த வால்தான். கறித்துண்டு, கொழுப்புத்துண்டு, கறித்துண்டு என்று மாற்றி மாற்றிக் கோப்பது எகிப்திலிருந்து சிஞ்சியாங் வரை அதனால் வந்த பழக்கம்.

மரக்குச்சிக்காரர்களுக்கு வேறு கணக்கு. ஜார்ஜியாவின் கஹேத்திப் பகுதி முழுக்கத் திராட்சைத் தோட்டம். ஆண்டுதோறும் கவாத்து செய்யும் கொடிகள் மலைபோல் குவியும். அதைக் காயவைத்து எரித்தால் குபுகுபுவென்று எரிந்து சட்டெனத் தணலாகும். ம்த்ஸ்வாதி என்ற அவர்களுடைய சுட்ட கறிக்கு அந்தத் தணல் போதும். கறிக்கு உப்பு, இறக்கியபின் வெங்காயமும் மாதுளைச் சாறும். இதே பண்டம் ரஷ்யாவுக்குள் ஷாஷ்லிக் என்ற பெயரில் போனபோது திராட்சைக்கொடியும் போயிற்று, இளங்கறியும் போயிற்று. கிடைத்த கறி முற்றலானது, ஆகவே வினிகரிலும் வெங்காயத்திலும் இரவெல்லாம் ஊறவேண்டியதாயிற்று. சோவியத் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் புகைந்தது இந்த ஊறிய கறிதான். மதெய்ரா தீவில் பச்சை லாரல் கிளையைச் சீவி மாட்டுக்கறியைக் கோக்கிறார்கள். பிரிஞ்சி இலையைப் போன்ற வாசனை உள்ளிருந்து ஏறும். சிஞ்சியாங்கில் உய்குர் மக்கள் பாலைவனத்துச் சிவந்த தாமரிஸ்க் கிளையைத் தோலுரித்துக் குத்துகிறார்கள். சீரகமும் மிளகாயும் தூவிய அந்த ஆட்டுக்கறி 1980களில் பெய்ஜிங் தெருக்களுக்கு வந்தது. 1986இல் சீனத் தொலைக்காட்சியின் வசந்தவிழா நிகழ்ச்சியில் ஆட்டுக்கறிக் குச்சி விற்பவரை வைத்து ஒரு நகைச்சுவை நாடகமே போட்டார்கள். நாடு முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சி அது.

*

மூங்கில் இருக்கும் ஊரில் குச்சிக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே மூங்கில் நாடுகளில்தான் இந்தப் பண்டம் தெருவுக்கு வந்து, ஏழைகளின் கைக்காசுக்கு எட்டியது. இரும்புக் கம்பியை வாடிக்கையாளரிடம் கொடுத்தனுப்ப முடியாது, திருப்பி வாங்கிக் கழுவவேண்டும். மூங்கில் குச்சியைத் தின்றுவிட்டு எறியலாம்.

ஜாவாவின் சாத்தே தெருப்பண்டமாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். இந்தியாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர்களின் கபாபைப் பார்த்து ஜாவாக்காரர்கள் செய்தது என்பது உணவு வரலாறு எழுதுவோர் பலரின் கருத்து. பாதிதான் சரி என்பேன். ஆட்டுக்கறி சாத்தேயில் அந்த வாசனை இருக்கிறது, காலமும் பொருந்துகிறது. ஆனால் விரல்நுனி அளவுத் துண்டு, ஈர்க்குபோல் சீவிய மூங்கில், பனைவெல்லம் சேர்த்துக் கெட்டியாக்கிய சோயாச் சாறு, இவற்றில் கபாபின் சாயல் துளியும் இல்லை. சோயா சீனர்களிடமிருந்து வந்தது, வெல்லம் உள்ளூர். ஒரு துறைமுகத் தெருவில் யார் யார் கடைபோட்டிருந்தார்கள் என்பதை அந்த ஒரு குச்சியிலேயே படித்துவிடலாம்.

சாத்தேயைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவர்கள் மதுரா தீவுக்காரர்கள். நம் மதுரை இல்லை, ஜாவாவுக்கு வடகிழக்கே ஒட்டிக்கிடக்கும் தீவு. வறண்ட மண், உப்பளங்கள், கொஞ்சம் மாடு, அதற்கு மேல் பிழைப்புக்கு வழியில்லை. தோளில் ஒரு காவடித்தண்டு, ஒரு முனையில் கரியடுப்பு, மறுமுனையில் கறியும் குச்சியும். சாயங்காலத்தில் கூவிக்கொண்டே வருவார்கள். கூப்பிட்ட வாசலில் இறக்கிவைத்து, பனையோலை விசிறியாலோ மூங்கில் விசிறியாலோ தணலை ஊதிச் சுட்டுக்கொடுப்பார்கள். மதுராக்காரரின் கோழிச் சாத்தே இன்று இந்தோனேசியா முழுக்க உண்டு.

அந்நாட்டில் சாத்தே வகைகளைச் சொல்லி முடியாது. மூன்றை மட்டும் சொல்கிறேன். சுமாத்ராவின் பாடாங் சாத்தேயில் மாட்டு நாக்கும் இதயமும் இருக்கும். மேலே மஞ்சளும் அரிசிமாவும் சேர்ந்த கெட்டிக்குழம்பை ஊற்றுவார்கள். பாலியில் பெரும்பான்மையோர் இந்துக்கள் என்பதால் பன்றியும் மீனும் தடையில்லை. தேங்காயும் மசாலாவும் கூட்டி அரைத்த கறியை எலுமிச்சைப்புல் தண்டிலோ பட்டை மூங்கிலிலோ சுற்றிப் பிடிப்பது சாத்தே லிலித். கோயில் சடங்கு என்றால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து இதைச் செய்வது வழக்கம். அதானாவில் பட்டை இரும்பு தீர்த்த அதே கொத்துக்கறிச் சிக்கலை இங்கே பட்டை மூங்கிலும் வாசனைத் தண்டும் தீர்க்கின்றன.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பந்துல் பகுதியில் விற்கும் சாத்தே கிளாத்தாக். மூங்கில் நாட்டில் இருந்துகொண்டு இவர்கள் மூங்கிலை வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய கம்பி சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ்! கிடாக்குட்டியின் கறியைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, உப்பைத் தவிரக் கிட்டத்தட்ட ஒன்றும் தடவாமல், ஸ்போக்ஸில் குத்தித் தணலில் வைக்கிறார்கள். மூங்கில் சூட்டைக் கடத்தாது, ஆகவே கறி வெளியிலிருந்து மட்டுமே வேகவேண்டும், துண்டு சிறிதாக இருந்தாக வேண்டும். ஸ்போக்ஸ் பழுத்துச் சூட்டை நடுவுக்கே கொண்டுபோகும். கறி உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வேகிறது. சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட கம்பியை வைத்து வெப்ப இயற்பியலைச் சரிசெய்துகொண்ட அந்தச் சமையற்காரர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மலேசியாவில் சாத்தேயென்றால் காஜாங் ஊர். ஜாவாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன தொழில் அது. எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டை நசுக்கித் தூரிகையாக்கி எண்ணெயில் தோய்த்துக் கறிமேல் தடவுவார்கள். சிங்கப்பூரில் பீச் ரோட்டுப் பக்கம் ஹோய் ஹௌ ரோட்டில் சாத்தேக் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றை 1970களின் தொடக்கத்தில் கடலோர எஸ்பிளனேடுக்கு மாற்றினார்கள். சாத்தே கிளப் என்று பெயர் பெற்ற அந்த இடம் 1995இல் மூடப்பட்டது. கணக்கு வழக்கு அங்கே எளிது. தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். முடிந்தவரை தின்னலாம். எழும்போது காலிக் குச்சிகளை எண்ணிக் காசு வாங்கிக்கொள்வார்கள்.

*

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், இன்றைய கேப்டவுனில், கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுக்க ஒரு நிலையம் அமைத்தது. வேலைக்கு ஆள் வேண்டும். ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் அடிமைகளையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் ஏற்றிவந்தார்கள். வங்காளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட மனிதர்கள் அப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று டச்சுக்காரர்களின் துறைகள். பஞ்ச காலங்களில் அங்கே மனிதர்களை வாங்குவது எளிதாக இருந்தது. கேப்டவுனின் அடுப்படிகளில் நின்றவர்கள் இவர்கள். அங்கே உருவானது சோசாட்டி. ஆட்டுக்கறியைக் குச்சியில் கோத்துச் சுடுவதோடு சாத்தேயின் உறவு முடிகிறது. புளியும் மஞ்சளும் கறித்தூளும் கலந்த சாறில் ஊறவைப்பதும், கறிக்கு நடுவே உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தைக் கோப்பதும் கேப்டவுனுக்கே உரியவை. எந்தச் சாமான் எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. அடிமைகளின் பெயர்களையே கம்பெனி ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. பிறந்த ஊரைத்தான் பெயரோடு ஒட்டவைத்தது. இன்று தென்னாப்பிரிக்க வெள்ளையர்களின் வீட்டுக் கொல்லை விருந்துகளிலும் சோசாட்டி தவறாமல் இருக்கிறது.

சாத்தேக்கு வேர்க்கடலைச் சாறு வந்தது தனிக் கதை. வேர்க்கடலை தென்னமெரிக்கச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரும் ஸ்பானியரும் கடல்கடத்தும் வரை ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அதை அறியா. அது போய்ச் சேர்ந்த இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இரு மக்கள், குச்சியில் சுட்ட கறியோடு அதைச் சேர்த்தார்கள். ஜாவாவில் கடலையை அரைத்து, மிளகாயும் வெல்லமும் கூட்டிக் குழம்பாக்கினார்கள். வடக்கு நைஜீரியாவின் ஹௌசா மக்கள் எண்ணெயைப் பிழிந்தெடுத்துவிட்டு, மிஞ்சிய கடலைப் புண்ணாக்கைப் பொரித்து இடித்து, இஞ்சியும் மிளகாயும் கலந்து பொடியாக்கினார்கள். யாஜி என்ற அந்தப் பொடியில் புரட்டிச் சுடும் மாட்டுக்கறிதான் சுயா.

நம்மூரில் மாட்டுக்கும் நிலத்துக்கும் போகும் புண்ணாக்கு அங்கே மனிதரின் தட்டுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1912 வாக்கில் ரயில் கானோ நகரத்தை எட்டியதும் அந்த வட்டாரம் முழுக்க ஏற்றுமதிக்காகக் கடலை பயிரானது. மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கோபுரங்கள் நைஜீரியாவின் அடையாளப் படமாகவே இருந்தன. எண்ணெயெடுத்த பொடி கறியின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஒரு மொறுமொறுப்பான தோலை உண்டாக்குகிறது. கறியோ கொழுப்பில்லாத மாட்டுத்தசை, காகிதம்போல் மெல்லியதாக அரியப்பட்டது. குச்சிகளைத் தணலின் மேல் கிடத்தாமல், நடுவே தணலும் சுற்றிலும் நட்டுவைத்த குச்சிகளுமாக, சாய்ந்து வரும் சூட்டில் வாட்டும் பழைய முறையும் உண்டு. கொழுப்பு சொட்டித் தீப்பிடிக்கும் தொல்லை அதில் கிடையாது. சுட்டு முடித்து, செய்தித்தாளில் வைத்து, பச்சை வெங்காயமும் தக்காளியும் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். லாகோஸில் இரவு எட்டு மணிக்கு மேல் சுயா விற்பவர் வடக்கத்தி ஹௌசாக்காரர், வாங்குபவர் தெற்கத்தி யொருபாக்காரர். அரசியலில் எவ்வளவு பிணக்கு இருந்தாலும் இந்த வியாபாரம் நிற்பதில்லை.

கடலையும் மிளகாயும் தென்னமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அதே கப்பல்கள் எதிர்த்திசையில் மாடுகளைக் கொண்டுபோயின. பெருவின் லிமா நகரத்து அந்திகூச்சோ அதன் விளைவு. தெருவோரத் தணலில் சுடுவது மாட்டின் இதயம். ஸ்பானிய எசமானர்கள் தொடையையும் விலாவையும் எடுத்துக்கொண்டு, இதயத்தையும் குடலையும் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு விட்டார்கள். இதயம் ஓயாமல் உழைக்கும் தசை. கொழுப்பு கிடையாது, இறுகி நிற்கும். அசட்டையாகச் சுட்டால் ரப்பர். அந்தப் பெண்கள், ஆம், இது பெரும்பாலும் பெண்கள் கையிலிருந்த தொழில், அதை மெல்லிய வில்லைகளாக அரிந்து, வினிகர், பூண்டு, சீரகம், ஆஹி பாங்கா என்ற கருஞ்சிவப்பு மிளகாய் ஆகியவற்றில் ஊறவைத்தார்கள். மிளகாய் ஆண்டீஸ் மலையுடையது, சீரகமும் வினிகரும் ஸ்பெயினுடையவை. நாணல் குச்சியில் கோத்து, மக்காச்சோளக் கதிரின் தோலைக் கிழித்துத் தூரிகையாக்கி, சுடச்சுட ஊறல் சாற்றைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் ஓர் அவித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு சோளக்கதிர்.

பெருவில் அடிமை முறையை ஒழித்தது 1854இல். அதன்பிறகு பிழைப்புக்கு இந்த அடுப்பே பலருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் லிமாவில் அற்புதங்களின் ஆண்டவர் ஊர்வலம் நடக்கும். 17ஆம் நூற்றாண்டில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அடிமை சுவரில் தீட்டிய கிறிஸ்து படத்துக்கான விழா அது. ஊதா உடுத்திய லட்சக்கணக்கான பேர் தெருவில் நகரும்போது இரண்டு பக்கமும் அந்திகூச்சோப் புகை. இப்போது லிமாவின் விலையுயர்ந்த உணவகங்கள் மாட்டின் இதயத்தைப் பட்டியலில் போட்டு, விலையையும் அதற்கேற்ப வைத்திருக்கின்றன. தொடைக்கறி சாப்பிட்டவர்களின் பேரர்கள் மேசைக்கு முன்பதிவு செய்கிறார்கள்.

ஜப்பானின் யாகிதோரிக்கும் ஏறத்தாழ இதே பிறப்பு. 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் தின்னக்கூடாதென்று ஆணையிட்டார். பயிர்ப் பருவத்துக்கான தடைதான் என்றாலும் பௌத்த நெறியோடு சேர்ந்து அது பல நூற்றாண்டுப் பழக்கமாயிற்று. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானபோது நாடே அதைப் பேசியது. கோழி அப்போதும் விலையுயர்ந்த விருந்துக்கறி. விருந்துக்கடைகள் கழித்த குடலும் தோலும் எலும்பொட்டுக் கறியும் தெருக்கடைக்கு வந்து, குச்சியில் ஏறி, இனிப்புச் சோயாச் சாற்றில் முங்கி யாகிதோரியாயின. அந்தச் சாறு வாடையை மறைக்க வந்தது. 1960களில் பண்ணைக் கோழி மலிந்த பிறகுதான் நல்ல சதை குச்சிக்கு வந்தது. ஆனாலும் பழைய ருசி விடவில்லை. தோல், இதயம், கல்லீரல், இரைப்பை, வால்முனை என்று ஒரே கோழியைத் தனித்தனிக் குச்சியாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் வாசலில் சிட்டுக்குருவியைக்கூட முழுசாகச் சுட்டு விற்பார்கள். நெல் தின்னும் பறவைக்கு நெல் தெய்வத்தின் சன்னதியில் தண்டனை.

அந்தத் தொழிலின் உயிர் கரியில் இருக்கிறது. வாக்கயாமா மலைகளின் உபாமே ஓக் மரத்தை நாள்கணக்கில் புழுங்கவிட்டு, கடைசியில் காற்றைத் திறந்து சூட்டை ஏற்றி, வெளியே இழுத்துச் சாம்பல் மண்ணால் மூடி அணைத்தால் பின்ச்சோத்தான் கிடைக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். சுடரும் புகையும் அநேகமாக இல்லாமல் மணிக்கணக்கில் ஒரே சீராகக் கனலும். அதன்மேல், கறிக்கு உப்பு மட்டும் தூவிச் சுடுகிற கடைக்காரரைத்தான் தேர்ந்தவர் என்கிறார்கள். திராட்சைக்கொடித் தணலின் முன் நிற்கும் ஜார்ஜியரும், ஸ்போக்ஸ் கம்பி பிடித்த ஜாவாக்காரரும் அதே உப்போடு நிறுத்திக்கொண்டவர்கள். முற்றல் கறியும் கழிவுக்கறியும் கிடைத்த இடங்களில் வினிகரும் மிளகாயும் சாறும் வேலை செய்தன. நல்ல கறியும் நல்ல தணலும் கிடைத்தவர்கள் உப்பையே போதுமென்றார்கள். என் ஓட்டு? கேட்டால் லிமாவுக்குத்தான் போடுவேன். நல்ல கறியைச் சுடுவதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது.

இதுவரை பார்த்தவற்றில், நட்டுவைத்த சுயாக் குச்சிகளைத் தவிர, எல்லாக் கம்பியும் தணலுக்கு மேல் படுத்தே கிடந்தது. 1855இல் இஸ்தான்புல்லில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்த ஒரு படத்தில் கம்பி எழுந்து நிற்கிறது, கறி அடுக்கடுக்காக அதில் ஏறியிருக்கிறது, கரி பக்கவாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கம்பி புர்சா நகரம், பெய்ரூட், மெக்சிகோவின் புவேப்லா, பெர்லின் என்று சுழன்றுகொண்டே போன வழியை அடுத்த இதழில் பார்ப்போம்.